அடுக்குகளுக்கு இடையில்: காம்போசிட் ஆராய்ச்சியில் ஒரு பேராசிரியரின் முப்பத்து நான்கு ஆண்டுகள்

பழைய மாணவன் எழுதியது:

எங்கள் பேராசிரியர் சென்ற மே மாதம் பணி ஓய்வு பெற்றார். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. குறிப்பிட்டால் அவரே தொலைபேசியில் அழைத்துக் கடிந்துகொள்வார். சென்னையின் தென்பகுதியில் உள்ள ஒரு கல்வி நிறுவனத்தின் வான்வெளிப் பொறியியல் துறையில் 1990 முதல் காம்போசிட் பொருட்களையும் (இழைகளை ரெசினில், அதாவது இறுகும் பிசினில், பதித்துச் செய்யும் கூட்டுப்பொருட்கள்) அவற்றால் ஆன கட்டமைப்புகளையும் ஆராய்ந்தவர். துறையில் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள்; அவருடைய பணியைப் பற்றி ஆறு பக்கம் எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கட்டுரைகள் இத்தனை, முனைவர் பட்டங்கள் இத்தனை, திட்டநிதி இவ்வளவு என்று எழுதினால் அரை நாளில் முடிந்துவிடும். அப்படி முடிக்க மனம் வரவில்லை என்பதால் இந்த இணைய மன்றத்தில் கருத்துக் கேட்கிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெளிவாக இருக்கிறது. அத்தனை ஆண்டுகளும் அவர் கவலைப்பட்டது ஒரே இடத்தைப் பற்றித்தான்: ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் நடுவில் இழையே இல்லாமல் கிடக்கும் அந்த மெல்லிய ரெசின் படலம். துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். கார்பன் இழை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 7 மைக்ரான். அத்தகைய இழைகளை ஒரே திசையில் நெருக்கமாகப் பரப்பி எப்பாக்சி ரெசினில் தோய்த்தால் ஓர் அடுக்கு. அதன் தடிமன் 0.125 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பதினாறு அடுக்குகளைத் திசை மாற்றி மாற்றி அடுக்கி, ஆட்டோகிளேவ் என்னும் மூடிய சூளையில் அழுத்தத்திலும் சூட்டிலும் வைத்து எடுத்தால் 2 மில்லிமீட்டர் தகடு கிடைக்கும். இழையின் திசையில் இழுத்தால் அந்த அடுக்கு 1,500 மெகாபாஸ்கல் வரை தாங்கக்கூடும். இழைக்குக் குறுக்கே இழுத்தால் 40, 50 மெகாபாஸ்கலிலேயே கைவிட்டுவிடும். முப்பதில் ஒரு பங்குதான். தகட்டின் தடிமன் திசையிலும் இதே கதைதான், ஏனென்றால் அந்தத் திசையில் சுமையை வாங்கிக்கொள்ள இழையே கிடையாது.

ஒரு தகட்டை இழுக்கும்போது, அதன் விளிம்பிலும் துளையைச் சுற்றியும், அடுக்குகளைப் பிரிக்கப் பார்க்கும் தகைவுகள் (பரப்பளவுக்கு இவ்வளவு என்று பொருளுக்குள் எழும் விசை) எழுகின்றன என்பதை பைப்ஸ், பகானோ இருவரும் 1970-இல் கணக்கிட்டுக் காட்டினார்கள். மெல்லிய தகடுகளுக்கு நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் அடுக்குத் தகட்டுக் கோட்பாடு இதைக் காட்டாது. அந்தக் கோட்பாட்டில் தடிமன் திசைத் தகைவுக்கு இடமே இல்லை. பேராசிரியரின் தொடக்க ஆண்டுகள் முழுவதும் இந்த விளிம்புத் தகைவிலேயே கழிந்தன. பிறகு, கீழே தவறவிட்ட ஒரு ஸ்பேனர் தகட்டுக்குள் என்ன செய்கிறது என்ற கேள்விக்குப் போனார். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் ஈரப்பதத்துக்கு. என் பார்வையில் இந்தக் கடைசிப் பகுதிதான் அவருடைய பணியிலேயே மிகவும் பெறுமதியானது. வெளியில் மிகக் குறைவாக அறியப்பட்டதும் அதுதான். இதை மலரில் எப்படிச் சொல்வது?

கணக்குக் கேட்பவர் எழுதியது:

பேராசிரியர் மீது மரியாதைக் குறைவாக எதுவும் சொல்வது என் நோக்கமன்று. ஆனால் பொதுப்பணத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நடந்த ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது, அதன் விளைவாக எது பறந்தது என்று கேட்பது முறையான கேள்விதானே? வானூர்தித் தொழிலில் பணம் போடுகிறவர் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார். விளிம்புத் தகைவு என்பது 1970-லேயே கண்டறியப்பட்டது என்று நீங்களே சொல்கிறீர்கள். அதற்கு இருபது ஆண்டு கழித்து அதையே வேறொரு தகட்டுக்கும் வேறொரு துளைக்கும் கணக்கிடுவது புதிய அறிவா, அல்லது கட்டுரை எண்ணிக்கைக்கான வேலையா? நம் ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது என் கருத்து. உங்கள் பேராசிரியர் அதற்கு விலக்கு என்றால், எந்த வகையில் என்று காட்டுங்கள்.

மடிப்பாக்கம் ஓய்வூதியர் எழுதியது:

நான் பெங்களூரில் வானூர்திக் கட்டமைப்புப் பிரிவு ஒன்றில் பணியாற்றிவிட்டு, இப்போது மடிப்பாக்கத்தில் ஓய்வில் இருப்பவன். கணக்குக் கேட்பவரின் கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வியிலேயே ஒரு பிழை ஒளிந்திருக்கிறது. வானூர்தியில் பறப்பது கட்டுரையும் அன்று, கோட்பாடும் அன்று, ஓர் எண். இந்த அடுக்கு வரிசை, இந்த வெப்பநிலை, இந்த ஈரநிலை, இதற்கு மேல் திரிபு (சுமையால் நீளும் அல்லது சுருங்கும் விகிதம்) கூடாது என்ற அனுமதி எண். அதை எட்டுவதற்கு ஒரே மாதிரியான துண்டுகளைத் திரும்பத் திரும்ப உடைக்க வேண்டும். 'பி' அளவுகோல் என்று ஒன்று உண்டு: செய்யப்படும் பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறாவது இந்த எண்ணைத் தாண்டும் என்பதை 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லத்தக்க அளவு. ஒரே ஒரு உறுப்பு முறிந்தாலும் வானூர்தி வீழும் என்ற இடத்தில் அதுவும் போதாது. 'ஏ' அளவுகோல் வேண்டும், அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. சிறு துண்டில் தொடங்கி, துளையிட்ட துண்டு, விறைப்பூட்டி (வளையாமல் தாங்கும் பட்டை) ஒட்டிய பலகை, பெட்டி, முடிவில் முழு இறக்கை என்று படிப்படியாக ஏற வேண்டும். அடிப்படியில் உடைபடும் துண்டுகளின் எண்ணிக்கை மலைக்க வைக்கும்.

நம் போர் விமானமான தேஜஸ் 2001 ஜனவரி 4 அன்று முதன்முறையாகப் பறந்தது. அதன் உடற்கட்டின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு காம்போசிட். அந்தக் காலத்தில் இந்தத் துறையில் நம்மிடம் இருந்த ஆட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். ஆனால் வேலை தெரிந்த ஆள் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது என்பதை நேரில் கண்டவன் நான். 1998-இல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடைகளால் வெளியிலிருந்து கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழியும் குறுகியது. அந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? இந்த மாதிரி ஆய்வகங்களிலிருந்துதான். துளையைச் சுற்றி அடுக்கு பிரிவதை இரண்டு ஆண்டு தன் கையால் கணக்கிட்டு, தன் கையாலேயே உடைத்தும் பார்த்த ஒரு பையனுக்கு, ரிவெட் வரிசை விளிம்பை நெருங்கிப் போகும் வரைபடத்தைக் கண்டதும் உறுத்தும். அந்த உறுத்தலைத் தேடித்தான் நாங்கள் ஆள் எடுத்தோம்.

கணக்குக் கேட்பவர் எழுதியது:

பயிற்சி பெற்ற ஆட்களே விளைவு என்கிறீர்கள். ஏற்கிறேன், ஆனால் பாதியளவு. அப்படியானால் அதை ஆராய்ச்சி என்று அழைக்காமல் பயிற்சி என்றே அழைத்துவிடலாமே.

ஐந்தாம் ஆண்டு எழுதியது:

நான் இப்போது இதே துறையில், வேறொரு வழிகாட்டியின் கீழ், முனைவர் பட்ட ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் இருப்பவள். ஆராய்ச்சி வேறு, பயிற்சி வேறு என்ற பிரிவினை காம்போசிட் துறையில் ஏன் அவ்வளவு சுலபமாகச் செல்லுபடியாவதில்லை என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

அலுமினியத் தகடு ஆலையிலிருந்து சான்றிதழோடு வருகிறது. நாம் வெட்டுகிறோம், வளைக்கிறோம், துளையிடுகிறோம். பொருளின் குணம் பெரும்பாலும் ஆலையிலேயே தீர்மானமாகிவிட்டது. காம்போசிட்டில் பொருள் பிறப்பதும் உறுப்பு பிறப்பதும் ஒரே நேரத்தில், ஒரே அச்சின் மேல். அடுக்கும் கை இரண்டு பாகை தவறினால், வெற்றிடப் பையில் ஓர் ஊசித்துளை இருந்தால், சூடேற்றும் வேகம் மாறினால், கிடைப்பது வேறு பொருள். ஆகவே இன்ன பொருளின் வலிமை என்ன என்ற கேள்விக்கு, யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் விடை சொல்ல முடியும். கைத்திறனும் அறிவும் இப்படிப் பின்னிக்கிடக்கும் துறையில், மாணவருக்குச் செய்யக் கற்றுக்கொடுப்பதே ஆராய்ச்சியின் பாதி.

இனி கோட்பாட்டைப் பற்றி. மடிப்பாக்கம் ஐயா அதைக் கொஞ்சம் இளக்காரமாகத் தள்ளிவிட்டாரோ என்று தோன்றுகிறது. எந்தச் சுமையில் முறியும் என்று சொல்லும் விதிகளில் சாய், வூ இருவரும் 1971-இல் முன்வைத்தது இன்றும் இத்துறையின் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ஒரே சமன்பாடு, கையாள எளிது. ஆனால் முறிந்தது இழையா ரெசினா என்று அது சொல்லாது. ஹாஷின் 1980-இல் இரண்டையும் பிரித்து எழுதினார். அதற்குப் பிறகு வந்தவை ஏராளம். ஹிண்டன், சோடன், கடூர் மூவரும் உலக அளவில் ஒரு போட்டியையே நடத்தினார்கள்: ஒரே தரவைக் கோட்பாட்டாளர்கள் அனைவருக்கும் கொடுத்து, சோதனை முடிவைக் காட்டாமல் கணிக்கச் சொன்னார்கள். 2004-இல் முடிவுகள் தொகுக்கப்பட்டபோது களத்தில் பத்தொன்பது கோட்பாடுகள் இருந்தன. எல்லாச் சோதனைகளிலும் சரியாகச் சொன்னது அவற்றில் ஒன்றுகூட இல்லை. சில கணிப்புகள் ஒன்றுக்கொன்று பல மடங்கு விலகி நின்றன. இது கேலிக்குரியதன்று. எங்கே கணக்கை நம்பலாம், எங்கே உடைத்துத்தான் பார்க்க வேண்டும் என்ற எல்லைக்கோடு இப்படித்தான் வரையப்பட்டது. உங்கள் பேராசிரியர் ஒரு தகட்டையும் ஒரு துளையையும் வைத்துச் செய்ததும் அந்தக் கோட்டின் ஒரு சிறு பகுதியாக இருக்கலாம். இருந்ததா என்று பழைய மாணவன் அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

பழைய மாணவன் எழுதியது:

இருந்தது. ஆனால் அதை எழுதினால் ஆறு பக்கமும் சமன்பாடாகிவிடும். ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லி அவருடைய முறையை விளக்கப் பார்க்கிறேன்.

பிரீபிரெக், அதாவது ரெசினில் தோய்த்துச் சுருட்டாக வரும் இழைத் துணி, உறைநிலைக்குக் கீழே சுமார் 18 பாகையில் பெட்டகத்தில் இருக்கும். வெளியே எடுத்தால், பை திறக்கப்படாமலேயே அறை வெப்பநிலைக்கு வர வேண்டும். அதற்கு முன் திறந்தால் குளிர்ந்த ரெசின் மேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும். வறண்ட ஊர்களில் இது கையேட்டில் உள்ள ஒரு வரி. நவம்பர் மாதச் சென்னையில் இது ஒரு தொகுதி மாதிரிகளின் தலையெழுத்து. நான் சேர்ந்த முதல் ஆண்டு, அவசரத்தில், இரண்டு மணி நேரம் முன்னதாகப் பையைத் திறந்தேன். அடுக்கி, வேகவைத்து, வெட்டி, உடைத்தும் பார்த்த பிறகுதான் தெரிந்தது: அடுக்குகளுக்கிடையிலான வலிமை நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது, குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் ரெசினுக்குள் வரிசையாகக் குமிழ்கள். இறக்குமதியான சுருட்டில் பாதி போயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "இதே தவற்றை இன்னும் மூன்று முறை செய்து கொண்டு வா, ஒவ்வொரு முறையும் வேறு வேறு நேரத்தில் திற" என்றார்.

கெட்டுப்போன அந்தப் பாதிச் சுருட்டு ஓர் ஆய்வேடாக மாறியது. எவ்வளவு ஈரம் புகுந்தால் எவ்வளவு குமிழ், எவ்வளவு குமிழுக்கு எவ்வளவு வலிமை இழப்பு என்பதை எங்கள் ஊர்க் காற்றை வைத்தே அளந்தோம். அதன் தொடர்ச்சியாக, செய்து முடித்த தகடுகள் சேவையில் இருக்கும்போது உறிஞ்சும் ஈரத்துக்கு வந்தோம். எப்பாக்சி தண்ணீரை மெல்ல மெல்லக் குடிக்கும். எடையில் ஒன்றிரண்டு விழுக்காடுதான். ஆனால் அது இளகத் தொடங்கும் வெப்பநிலை கணிசமாகக் கீழே இறங்கிவிடும். வெயிலில் நிற்கும் வானூர்தியின் கரிய இறக்கை மேற்பரப்புச் சூட்டையும் இந்த ஈரத்தையும் சேர்த்துப் பார்த்தால், இழையின் திசையில் அமுக்க வலிமை அடிபடுகிறது, ஏனெனில் இழை வளைந்து மடங்காமல் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டிருப்பது ரெசின்தான். மாதிரிகளை ஈரப்பதப் பெட்டியில் 70 பாகை, 85 விழுக்காடு என்று வைத்துவிட்டு, எடை ஏறுவது நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். தடித்த தகடு என்றால் பல மாதங்கள். வாரம் ஒருமுறை எடுத்து, துடைத்து, எடைபோட்டு, திரும்ப வைப்பது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரை நம்பி நிற்பது. அந்த எடைக் குறிப்பேடுகள் பதினோரு தொகுதிகள் இருக்கின்றன. கட்டுரையாக வந்தது அவற்றில் மிகச் சிறிய பகுதி.

காசிமேட்டுப் பட்டறை எழுதியது:

நான் வானூர்தி ஆள் இல்லை. காசிமேட்டில் பைபர் படகு கட்டும் பட்டறை எங்களுடையது. அப்பா காலத்தில் மரம், என் காலத்தில் பைபர். இந்த உரையாடலின் தலைப்பைப் பார்த்துதான் உள்ளே வந்தேன். படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுவதும் பைபர் படகுகள் வந்து குவிந்தன. அவசரத்தில் கட்டியவை பல. கண்ணாடி இழை மேட், பாலியெஸ்டர் ரெசின், வெளியில் ஜெல் கோட் என்னும் மேற்பூச்சு. மோல்டில் ஜெல் கோட் அடித்து, மேட்டை விரித்து, ரெசின் ஊற்றி, ரோலர் போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். ரோலர் போடுகிறவன் சோம்பினால் உள்ளே காற்று நிற்கும். சித்திரை வெயிலில், ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரைக் குளிர்காலத்து அளவிலேயே கலந்தால், ரோலரை எடுப்பதற்குள் ரெசின் வாளியிலேயே இறுகிவிடும். அதனால் அளவைக் குறைப்போம். அதிகம் குறைத்தால் உள்ளே சரியாக வேகாது. கடலில் ஓராண்டு ஓடிய பின் ஜெல் கோட்டில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். குத்திப் பார்த்தால் புளித்த நாற்றத்தோடு நீர் வரும். பழைய மாணவன் சொல்கிற ஈரக் கதை எங்களுக்குப் புதியதன்று.

நான் சொல்ல வந்தது வேறு. பத்து ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மீன் வாங்க வந்த பெரியவர் ஒருவர் எங்கள் பட்டறை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த படகைச் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயம் எடுத்துத் தட்டிக்கொண்டே நடந்தார். ஓரிடத்தில் நின்று, திரும்பத் தட்டி, "இங்கே பிரிந்திருக்கிறது" என்றார். நாங்களும் அப்படித்தான் தட்டிப் பார்ப்போம். நல்ல இடம் டிங் என்னும், பிரிந்த இடம் டொப் என்னும். எங்களுக்குத் தெரிந்ததை வெளியாள் ஒருவர் செய்வதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தேன். வானூர்தியிலும் இதையே செய்வார்கள் என்று சொன்னார். உங்கள் பேராசிரியர் ஒல்லியாக, இடது காதில் காது கேட்கும் கருவி வைத்தவரா?

பழைய மாணவன் எழுதியது:

அவரேதான். கேட்கும் கருவி வைத்த காதை விட்டுவிட்டு மற்ற காதைச் சாய்த்துத் தட்டுவார். எங்கள் ஆய்வகத்தில் மீயொலிக் கருவி வந்த பிறகும் நாணயத்தை விடவில்லை. மேற்பரப்பை ஒட்டிய பிரிவைத்தான் நாணயம் காட்டும், ஆழத்தில் இருப்பதைக் காட்டாது என்று மாணவர்களிடம் எச்சரித்துவிட்டு, தானே தட்டிக்கொண்டிருப்பார்.

கணக்குக் கேட்பவர் எழுதியது:

நெகிழ்ச்சியான சந்திப்பு. ஆனால் என் ஐயம் இன்னும் தீரவில்லை. சொல்லப்போனால் இப்போது கூடியிருக்கிறது. வெளியில் தெரியாமல் உள்ளே பிரியும், தண்ணீர் குடிக்கும், செய்தவன் கையைப் பொறுத்து வலிமை மாறும், பத்தொன்பது கோட்பாடுகள் இருந்தும் ஒன்றும் முழுதாகச் சரியில்லை என்று நீங்கள் எல்லோருமே ஒப்புக்கொள்கிறீர்கள். 2001 நவம்பர் 12 அன்று நியூயார்க்கில் ஏர்பஸ் ஏ300-600 ஒன்றின் காம்போசிட் வால் துடுப்பு வானிலேயே கழன்று 265 பேர் இறந்தார்கள். 2023 ஜூனில் டைட்டன் நீர்மூழ்கி கார்பன் இழை உடலோடு நொறுங்கியது. இப்படிப்பட்ட பொருளில் ஒருவர் முப்பத்து நான்கு ஆண்டு செலவிட்டதைக் கொண்டாடுவதைவிட, இந்தப் பொருளை ஏன் இவ்வளவு நம்புகிறோம் என்றல்லவா கேட்க வேண்டும்?

மடிப்பாக்கம் ஓய்வூதியர் எழுதியது:

நீங்கள் காட்டிய இரண்டும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. இரண்டையும் ஒரே கூடையில் போடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

நியூயார்க் விபத்தில், துடுப்பை உடலோடு பிணைத்த காம்போசிட் காதுகள் முறிந்தன என்பது உண்மை. ஆனால் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2004-இல் வெளியிட்ட முடிவு, துணை விமானி சுக்கான் மிதியை மாறி மாறி முழுவதுமாக அழுத்தியதால் எழுந்த சுமை, வடிவமைப்பின் உச்சச் சுமையையும் தாண்டியிருந்தது என்பதுதான். விதிப்படி எதிர்பார்க்கும் அதிகபட்சச் சுமையைப்போல் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும். அந்தத் துடுப்பு அதற்கும் மேலே தாங்கிய பிறகே முறிந்தது. உலோகத் துடுப்பாக இருந்தாலும் அந்தச் சுமைக்கு அதற்கென எழுதப்பட்ட விதி எந்த உறுதியும் தராது. டைட்டன் வேறு. அங்கே ஏறத்தாழ 5 அங்குலத் தடிமனுள்ள கார்பன் உருளை, கடலாழத்தின் அமுக்கத்தைத் திரும்பத் திரும்பத் தாங்க வேண்டியிருந்தது. விசாரணையில் ஆராய்ந்த துண்டுகளில் அடுக்குச் சுருக்கங்களும் குமிழ்களும் காணப்பட்டன. மேலே நான் சொன்ன படிக்கட்டை ஏறாமல் நேரே மாடிக்குத் தாவியவர்களின் கதை அது. கலங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் வகைப்பாட்டு நிறுவனம் எதனிடமும் அவர்கள் சான்று பெறவில்லை.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டுகள் வேறு இரண்டு உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் தன் ஆர்பி211 இயந்திரத்துக்குக் கார்பன் இழை விசிறி இறக்கைகளைச் செய்தது, 1970-இல் பறவை மோதல் சோதனையில் அவை தோற்றன, டைட்டானியத்துக்குத் திரும்பினார்கள், மற்றச் செலவுகளும் சேர்ந்து 1971 பிப்ரவரியில் நிறுவனமே திவாலானது. அதே யோசனை, டைட்டானிய முன்விளிம்போடு, 1995-இல் ஜிஇ90 இயந்திரத்தில் பயணிகளைச் சுமந்தது. இடையில் போன இருபத்தைந்து ஆண்டில் என்ன நடந்தது என்று நினைக்கிறீர்கள்? மோதலில் அடுக்கு பிரிவதைப் பற்றி, பெயர் தெரியாத பலர் பல ஊர்களில் துண்டுகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது, போயிங் 787. எடையில் பாதி காம்போசிட். 2009-இல் முதல் பறப்புக்குச் சில வாரங்களே இருந்தபோது, இறக்கை உடலோடு சேரும் இடத்தில், விறைப்பூட்டிகளின் முனைகளில் அடுக்கு பிரிந்திருப்பது நிலைச் சோதனையில் தெரிந்தது. பறப்பு அந்த ஆண்டு டிசம்பர் 15 வரை தள்ளிப்போயிற்று. பெரிய கணினிகள் அவர்களிடம் இருந்தன. முனையில், விளிம்பில், தடிமன் திசையில் எழும் தகைவு அவற்றுக்கும் நழுவியது. பழைய மாணவனின் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள்: 1970, பைப்ஸ், பகானோ, விளிம்பு. பழைய கணக்கை வேறொரு துளைக்குப் போடுவது வீண்வேலையா என்று கேட்டீர்கள். நாற்பது ஆண்டு கழித்தும் அந்தக் கணக்கு முடியவில்லை.

கணக்குக் கேட்பவர் எழுதியது:

787 செய்தி எனக்குத் தெரியும். அதை 1970-உடன் சேர்த்துப் பார்த்ததில்லை. இந்த இடத்தில் நான் ஒரு படி இறங்குகிறேன். ஆனால் ஒரு திருத்தம்: அந்தப் பதினோரு எடைக் குறிப்பேடுகள் அலமாரியில் இருக்கும்வரை அவை யாருடைய அனுமதி எண்ணுக்கும் உதவாது. அந்தக் குறைக்குப் பேராசிரியரும் பொறுப்புத்தான்.

ஐந்தாம் ஆண்டு எழுதியது:

இதில் கணக்குக் கேட்பவரோடு உடன்படுகிறேன். கட்டுரைக்கு ஒரு வளைகோடு போதும் என்பதால் பின்னாலுள்ள எண்களை யாரும் வெளியிடுவதில்லை. வெற்றியடைந்த மாதிரிகளின் சராசரி மட்டும் அச்சாகிறது; பிடிக்குள்ளேயே முறிந்தவை, வழுக்கியவை, குமிழ் இருந்ததால் ஒதுக்கப்பட்டவை எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகின்றன. மற்றொருவர் அதே தவற்றை அதே ஈரக்காற்றில் திரும்பச் செய்கிறார். அண்ணன், மலரின் ஆறு பக்கங்களில் இரண்டு பக்கத்தையாவது அந்தக் குறிப்பேடுகளின் அட்டவணைக்கு ஒதுக்க முடியாதா? பிற்பாடு யாராவது கணினியில் ஏற்றலாம், நானே வருகிறேன்.

பழைய மாணவன் எழுதியது:

நேற்று மாலை பேராசிரியரின் வீட்டுக்குப் போயிருந்தேன். இந்த உரையாடல் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கணக்குக் கேட்பவரின் கடைசித் திருத்தத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, அவர் சொல்வது சரி என்றார். குறிப்பேடுகளில் நான்காம் தொகுதியும் ஏழாம் தொகுதியும் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்தவை. அவருடைய துணைவியார் பக்கம் பக்கமாக மின்விசிறிக் காற்றில் உலர்த்தியிருக்கிறார். மை கலைந்த இடங்களைப் பேராசிரியரே உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பாமல், கோடிட்டு வெற்றிடமாக விட்டிருக்கிறார். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். மலரில் அட்டவணையாக நான்கு பக்கம் போகட்டும். மீதி இரண்டு பக்கத்தில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறேன்.

காசிமேட்டுப் படகைப் பற்றி அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிரிந்த இடத்தை என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

காசிமேட்டுப் பட்டறை எழுதியது:

அந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புது மேட் போட்டோம். வெட்டிய பலகை இன்னும் பட்டறைப் பரணில் கிடக்கிறது, ஏறத்தாழ இரண்டடிக்கு ஓரடி. அதே படகில் வேறு இடத்தில் வெட்டிய நல்ல பலகையும் உண்டு. ஐயா பார்க்க விரும்பினால் கொண்டுவந்து தருகிறேன். இரண்டையும் உங்கள் இயந்திரத்தில் இழுத்து, எவ்வளவு வித்தியாசம் என்று சொல்ல முடியுமா? ஹார்டனர் அளவைக் குறைத்துக் கட்டிய காலத்துப் படகு அது.

பழைய மாணவன் எழுதியது:

கட்டாயம் கொண்டுவாருங்கள். பேராசிரியர் உங்களிடம் சொல்லச் சொன்னவை இவை. இரண்டு பலகைகளிலும் மோல்டுப் பக்கம் எது என்று மையால் குறியுங்கள். நீங்களே வெட்ட வேண்டாம். கிரைண்டரில் வெட்டினால் ஓரம் சூடேறி அடுக்கு பிரியும், பிறகு எது படகின் பிரிவு, எது வெட்டின் பிரிவு என்று தெரியாது. எங்கள் பட்டறையில் தண்ணீர் ஊற்றியபடி வைரச் சக்கரத்தில் 250 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிக்கொள்வார்கள். இழுவைக்கு ஒவ்வொன்றிலும் ஐந்து துண்டு. அடுக்குகளுக்கிடையிலான வலிமைக்குச் சிறு துண்டுகள் தனியாக. பரணிலிருந்து எடுத்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவாருங்கள், முதலில் எடை போட வேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாயிற்காவலரிடம் பொருட்சோதனை ஆய்வகம் என்று சொன்னால் வழிகாட்டுவார்கள். பேராசிரியரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; நுழைவுச்சீட்டு இப்போது அவருக்கும் வேண்டும் என்பதால், உங்கள் இருவருக்கும் சேர்த்து நானே எழுதி வாங்கி வைக்கிறேன்.